மந்திரம், விஞ்ஞானம், ஆன்மிகம்: பலர் தவிர்க்கிற அந்த வினாவுக்கு நான் படித்த விதம்

மெய்யியலை ஒரு பாடமாக எடுத்து வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குத் தோற்றுகிறவர்களுக்கு இந்த வினா புதிதல்ல. "மந்திரம், சமயம், விஞ்ஞானம் ஆகியவற்றுக்கிடையிலான தொடர்பை வரலாற்று நோக்கில் ஆராய்க" என்று ஒருமுறை வரும். இன்னொருமுறை, "விஞ்ஞானத்தின் எழுச்சி மந்திரத்தின் வீழ்ச்சியா?" என்று வரும். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய் பிளேட்டோவையோ சங்கரரையோ எழுதிவிட்டு வருவார்கள். எனக்கு அந்த வினாதான் கைகொடுத்தது. திருகோணமலையில் வேலைக்கும் போய்க்கொண்டு, ரியூட்டரி வகுப்பு இல்லாமல் தனியாகப் படிக்கிற தம்பி தங்கச்சிமார் சிலர் அதைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எதை எழுதக்கூடாது என்பது. கைமாறிக் கைமாறி வருகிற நோட்ஸில் இதற்கு இரண்டு ஆயத்த விடைகள் இருக்கும்.

ஒன்று படிக்கட்டுக் கதை. ஆதிமனிதன் மந்திரத்தை நம்பினான், அது பலிக்காததால் கடவுளை வேண்டினான், அதுவும் போதாமல் விஞ்ஞானத்துக்கு வந்தான். இது மானிடவியலாளர் ஜேம்ஸ் பிரேசர் முன்வைத்த கருத்தின் சுருக்கம். பிரேசரைத் தெரியாமல் விடமுடியாது. மந்திரத்தின் பின்னால் இரண்டு தர்க்கங்கள் இருக்கின்றன என்று அவர் பிரித்துக் காட்டியது இன்றும் உதவும். ஒத்தது ஒத்ததை உண்டாக்கும் என்பது ஒன்று: ஒருவரைப் போல பொம்மை செய்து ஊசி குத்துவது. ஒருமுறை தொட்டது எப்போதும் தொடர்புடையது என்பது மற்றது: தலைமயிரையும் காலடி மண்ணையும் எடுத்துச் செய்வினை செய்வது. நம் ஊர்ச் சூனியக் கதைகளை எடுத்துப் பார்த்தால் அநேகமாக எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அவருடைய படிக்கட்டு நிற்காது. ஏன் நிற்காது என்பதற்குக் கெப்லரையும் நியூட்டனையும் பார்த்தாலே போதும்; அவர்களிடம் பிறகு வருகிறேன்.

மற்றது "எல்லாம் ஒன்றே" என்கிற விடை. அணுவை அன்றே நம் முன்னோர் சொன்னார்கள், நடராசர் ஆடுவது இயற்பியல்தான், ஐன்ஸ்டைனும் இதைத்தான் சொன்னார் என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிற சங்கதிகள். திருவிழா மேடைக்கு அது நல்லாயிருக்கும். விடைத்தாளில் திருத்துகிறவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். விபுலானந்த அடிகளை இந்த விடைக்குச் சாட்சியாக இழுக்கிறவர்களும் உண்டு. நம்மூர் இந்துக் கல்லூரியோடு தொடர்புள்ளவர், லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, இராமகிருஷ்ண மிஷன் துறவி. எல்லாம் சரி. ஆனால் யாழ் நூலில் நரம்புக்கும் சுருதிக்கும் அவர் கணக்குப் போட்டுத்தான் காட்டுகிறார், பக்தியால் நிறுவவில்லை.

இந்த இரண்டையும் விட்டால் என்ன எழுதுவது? எனக்குப் பிடிபட்ட வழி ஒரே கேள்விதான். மந்திரமோ விஞ்ஞானமோ ஆன்மிகமோ, எதிர்பார்த்தது நடக்காமல் போனால் அது என்ன செய்கிறது? பலித்ததை எல்லோரும் சொல்வார்கள். பலிக்காதபோது அவர்கள் சொல்கிற காரணத்தில்தான் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், நீங்கள் பிரித்துப் பிரித்து மனப்பாடம் செய்த அறிஞர்கள் எல்லோரும் ஒரே விடைக்குள் வந்து சேர்வார்கள்.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியில் தொடங்குங்கள். நமக்கு அவர் லேசு, ஏனென்றால் அவர் சொன்னது மீன்பிடி பற்றி. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கில் ட்ரோபிரியன்ட் தீவுகளில் தங்கியிருந்து ஆராய்ந்தவர். 1925 இல் வெளிவந்த கட்டுரையில் அவர் காட்டியது இது: உள்ளேரியில் நஞ்சு போட்டு மீன் பிடிக்கும்போது தீவு மக்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. ஆபத்தில்லை, மீன் கிடைப்பதும் நிச்சயம். திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் சடங்குக்கு மேல் சடங்கு. ஆகவே மந்திரம் அறியாமையின் பிள்ளை அல்ல. வள்ளம் கட்டவும் காற்றுப் பார்க்கவும் நன்றாகத் தெரிந்தவர்கள், தங்கள் அறிவு எட்டாத இடத்தில் மட்டும் அதை நாடுகிறார்கள்.

இதை நான் திருக்கடலூரில் மீன்பிடித் தொழில் செய்கிற மாமாவிடம் கேட்டுப் பார்த்தேன். அவருடைய பைபர் படகில் ஜீபிஎஸ் கருவி இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நூலில் கோத்த தேசிக்காயும் காய்ந்த மிளகாயும் தொங்கும். "ஆழ்கடலுக்குப் போறதுக்குத்தானே மாமா இது?" என்றேன், மலினோவ்ஸ்கியை மனதில் வைத்துக்கொண்டு.

"கடலுக்குப் பயந்தே கட்டுறம் பிள்ளை? முன்வீட்டுக்காரன்ர கண்ணுக்கெல்லோ கட்டுறம். குடாவுக்குள்ள போனாலும் அது கிடக்கும்."

மலினோவ்ஸ்கி அதோடு கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டார். மாமா பயப்படுவது காற்றுக்கும் அலைக்கும் அல்ல, ஆட்களுக்கு. நாவூறு என்பது கடலைப் பற்றிய கருத்தே இல்லை, அயலைப் பற்றிய கருத்து. ஓர் அறிஞரின் கொள்கையைச் சொல்லிவிட்டு, அது பொருந்தாத இடம் ஒன்றை உங்கள் ஊரிலிருந்தே காட்டினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார். "விமர்சன நோக்கில் ஆராய்க" என்றால் இதுதான். வேறு யாரோ எழுதிய விமர்சனத்தை ஒப்பிக்கச் சொல்லவில்லை.

அந்த இடத்திலிருந்து எவன்ஸ் பிரிச்சார்டுக்குப் போகலாம். தென் சூடானின் அசாண்டே (Azande) மக்களைப் பற்றி 1937 இல் எழுதியவர். அவர் தருகிற உதாரணத்தைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். தானியக் களஞ்சியம் ஒன்று சரிந்து, அடியில் நிழலுக்கு இருந்தவர்கள் காயப்படுகிறார்கள். கால்களைக் கறையான் அரித்துவிட்டது என்பது அசாண்டேக்காரருக்கும் தெரியும். அதை அவர் மறுக்கவில்லை. அவர் கேட்பது வேறு: ஏன் இந்த ஆட்கள் இருந்த இந்த நேரத்தில் சரிந்தது? கறையான் "எப்படி" என்பதற்கு விடை. சூனியம் "ஏன் எனக்கு" என்பதற்கு விடை. நம் வீடுகளில் விபத்து நடந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, பிறகு சாத்திரியிடம் போவது. இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை.

பலிக்காதபோது அங்கே என்ன நடக்கிறது? அவர்கள் கோழிக்கு நஞ்சு கொடுத்துக் குறி பார்ப்பவர்கள். குறி பிழைத்தால் குறிமுறை பிழை என்று எவரும் சொல்வதில்லை. நஞ்சு சரியில்லை, விலக்கு மீறப்பட்டது, எதிரி மாற்று வேலை செய்தான் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் ஆயத்தமாக இருக்கிறது. நூல் கட்டியும் காய்ச்சல் விடாவிட்டால் "தீட்டுப் பட்டிட்டுது" என்று நாம் சொல்வதும் அதே வகைதான். இந்த இடத்தில் விஞ்ஞான மெய்யியலாளர் பொப்பரைக் கொண்டுவாருங்கள்: எது நடந்தால் தன் கருத்து பிழை என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறதோ அதுதான் விஞ்ஞானம். உடனேயே 1962 இன் தோமஸ் கூனையும் கொண்டுவாருங்கள்: விஞ்ஞானிகளும் முரணான தரவு வந்தவுடன் கொள்கையைக் கைவிடுவதில்லை, கொஞ்சக் காலம் ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். இருவரையும் சந்திக்க வைக்காமல் ஒருவரை மட்டும் எழுதினால் விடை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

இனி ஜெர்மானிய வானியலாளர் கெப்லர். வரலாற்று உதாரணம் என்று ஒன்றே ஒன்றுக்கு நேரம் இருந்தால் இவரை எடுங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

வானியலாளர் தைக்கோ பிராகே விட்டுச் சென்ற செவ்வாய்க் கோளின் அவதானங்களை வைத்து கெப்லர் வட்டப் பாதை ஒன்றை அமைத்தார். கணக்குக்கும் அவதானத்துக்கும் இடையில் 8 வில்நிமிடம் வித்தியாசம் வந்தது. முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசி. அவருக்கு முந்தியவர்கள் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். கெப்லர், தைக்கோ அவ்வளவு பிழை விடுகிறவர் அல்ல என்று சொல்லி, இரண்டாயிரம் வருடமாகப் புனிதமாக இருந்த வட்டத்தையே கைவிட்டார். 1609 இல் நீள்வட்டம் வெளிவந்தது. பலிக்காதபோது விஞ்ஞானம் செய்வது இதுதான் என்று எழுதத் தோன்றும். எழுதுங்கள், ஆனால் அங்கே நிறுத்தாதீர்கள். அதே மனிதர் 1608 இல் தளபதி வாலென்ஸ்டைனுக்குச் சாதகம் கணித்தார். கோள்களின் தூரங்களை ஐந்து சீர்த்திண்மங்களை (எல்லா முகமும் ஒரே மாதிரியான திண்ம உருவங்களை) கொண்டு கடவுள் வகுத்தார் என்று 1596 இல் எழுதியதை, தரவு சரியாகப் பொருந்தாதபோதும் விடாமல், 1621 இல் மறுபதிப்பும் செய்தார். வட்டத்தை 8 வில்நிமிடத்துக்காக விட்டவர் இதை விடவில்லை.

அந்த 1621 இலேயே இன்னொன்றும் நடந்தது. அவருடைய தாய் கத்தரீனா சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டிப் பயமுறுத்தியும் அந்தக் கிழவி ஒப்புக்கொள்ளவில்லை. மகன் வேலையைப் போட்டுவிட்டு வந்து, சாட்சிகளின் ஒவ்வொரு கூற்றையும் எடுத்து இயற்கையான காரணம் காட்டி வாதாடி அவரை மீட்டார். விஞ்ஞானம், சோதிடம், இறைபக்தி, சூனிய வழக்கு எல்லாம் ஒரே மனிதரின் ஒரே வாழ்க்கைக்குள். படிக்கட்டுக் கதை எழுதுகிறவர் இவரை எந்தப் படியில் நிற்க வைப்பார்?

வருடங்கள் மனதில் நிற்காதவர்கள் 1620களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 1620 இல் விஞ்ஞான முறை பற்றிய பேக்கனின் "புதிய முறை" நூல். 1621 இல் கத்தரீனாவின் விடுதலை. அதே பத்தாண்டின் தொடக்கத்தில்தான் போர்த்துக்கேயர் நம்முடைய கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். நமக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தோடு சேர்த்தால் வருடம் மறக்காது.

நியூட்டனைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் இரசவாதம் செய்தார் என்பதை ஏதோ இரகசியம் போல எழுதுகிறார்கள். 1936 இல் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஏலத்துக்கு வந்தபோது அவற்றில் ஒரு பகுதியை வாங்கிப் படித்த பொருளியலாளர் கெயின்ஸ், பகுத்தறிவு யுகத்தின் முதல்வர் என்பதைவிட மந்திரவாதிகளில் கடைசி ஆள் என்றே அவரைச் சொல்லவேண்டும் என்றார். இதைவிட முக்கியமானது: தொடாமலே இழுக்கிற ஈர்ப்பு விசை என்று நியூட்டன் சொன்னபோது, இது காரணம் காட்டமுடியாத பழைய மறைகுணம்தானே என்று லைப்னிட்ஸ் தரப்பினர் கேலி செய்தார்கள். இன்று விஞ்ஞானத்தின் உச்சம் என்று நாம் படிப்பது அன்று சிலருக்கு மந்திரமாகத் தெரிந்தது.

போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டையின் வாசலுக்கு ஒருமுறை போய்வாருங்கள். தூணில் கயல் உருவமும் சிதைந்த தமிழெழுத்துகளும் இருக்கின்றன. பறங்கி வந்து கோயிலைக் குலைப்பான் என்று முன்பே சொன்ன தீர்க்கதரிசனம் என்பார்கள். கல்லில் எஞ்சியிருப்பது சில எழுத்துகள்தான். மிச்சம் வாய்மொழிப் பாட்டால் நிரப்பப்பட்டது. சொன்னது முன்னரா, பின்னரா? இதே கேள்வியை 1614 இல் மொழியறிஞர் கசோபோன் ஐரோப்பாவில் கேட்டார். மோசேக்கும் மூத்த எகிப்திய ஞானி ஹெர்மிஸ் எழுதியவை என்று மறுமலர்ச்சிக்கால மந்திர அறிஞர்கள் கொண்டாடிய நூல்களின் கிரேக்க மொழிநடையை ஆராய்ந்து, அவை கிறிஸ்துவுக்குப் பிந்தியவை என்று காட்டினார். மந்திரத்துக்கு விழுந்த அடி தொலைநோக்கியிலிருந்து மட்டும் வரவில்லை, இலக்கணத்திலிருந்தும் வந்தது. இந்த ஒரு குறிப்பு மற்ற விடைத்தாள்களில் இருக்காது.

ஆன்மிகத்துக்கு எனக்கு உதவியது நம்மூருக்குப் பக்கத்திலுள்ள கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள். எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மேலே வருகிறது. கதையிலோ இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தில் குத்திய இடம். அந்தியேட்டி செய்ய அங்கே வருகிற குடும்பம் நீர் ஏன் சுடுகிறது என்று விளக்கம் கேட்டு வருவதில்லை. விளக்கத்தைச் சொன்னாலும் கிரியையை நிறுத்தப்போவதுமில்லை. செத்தவர் திரும்பி வரவில்லை என்பதால் அங்கே எதுவும் தோற்றுப்போகவில்லை. நினைத்தது நடக்காதபோது மந்திரம் ஒரு காரணம் சொல்கிறது, விஞ்ஞானம் கருத்தைத் திருத்துகிறது, ஆன்மிகம் வேண்டியவரையே மாற்றப் பார்க்கிறது. என் விடையில் இதை ஒரு வாக்கியமாக நடுவில் வைத்துத்தான் இரு பக்கமும் உதாரணம் சேர்த்தேன். கோயிலில் வைக்கிற நேர்த்தி எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால், மந்திரமும் ஆன்மிகமும் கலந்தது என்று தயங்காமல் எழுதுங்கள். அப்படிக் கலந்து கிடப்பதுதான் உண்மை நிலை.

எழுதும்போது நேரம்தான் எதிரி. மூன்று மணித்தியாலத்தில் நாலு கட்டுரை என்றால் ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலம். முன்னுரையில் வரைவிலக்கணங்களை அடுக்காதீர்கள்; பிரேசரை ஐந்தாறு வரியில் சொல்லி, உடனே மறுத்து, உள்ளே போங்கள். கெப்லருக்கு ஒன்றரைப் பக்கம் தரலாம். சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஓயாத போர் என்ற கருத்து 1874 இல் டிரேப்பர், 1896 இல் வைட் எழுதியவற்றால் பரவியது, இன்றைய வரலாற்றாசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை என்று ஒரு வரி போதும். இத்தாலிய மெய்யியலாளர் புரூனோ 1600 இல் எரிக்கப்பட்டது பூமி சுற்றுகிறது என்றதற்காக மட்டும் என்று எழுதிவிடாதீர்கள். அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி இறையியல் சார்ந்தது. திருத்துகிறவர்களுக்கு அது தெரியும்.

வாசிக்க என்றால், ஈழத்து நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியமும் இலவசம். ஆங்கிலம் கடினமென்றால் பொப்பர், கூன் பதிவுகளின் முதல் பகுதிகளை மட்டும் அகராதியோடு வாசியுங்கள். பெயர்களின் தமிழ் எழுத்துக்கூட்டல் நோட்ஸுக்கு நோட்ஸ் வேறுபடும். எதையாவது ஒன்றைத் தெரிவுசெய்து, விடைத்தாள் முழுக்க அதையே எழுதினால் சரி. அதற்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள்.