கழிவுக் குழாய் தெளியாத அன்று

நோயாளி இழக்கும் ரத்தத்தைச் சேர்த்துக் கழுவி அவருக்கே திருப்பித் தரும் செல் சேவர் இயந்திரம் ஆபரேஷன் தியேட்டரில் என் பொறுப்பு. அறுவையில் சிந்தும் ரத்தத்தை உறிஞ்சும்போதே ஹெப்பாரின் கலந்த சலைன் சொட்டுச் சொட்டாய் அதோடு சேரும்; அதனால் ரிசர்வாயர் என்ற சேகரிப்புத் தொட்டியில் உறையாது. பிறகு வேகமாகச் சுழலும் கிண்ணத்தில் சிவப்பணுக்கள் ஓரமாய் ஒதுங்க, மற்றதெல்லாம் சலைனில் கழுவப்பட்டுக் கழிவுப் பைக்குப் போய்விடும். திரும்பக் கிடைப்பது சிவப்பணுக்கள் மட்டுமே. தட்டணுக்களோ உறைதல் காரணிகளோ அதில் இருக்காது. அதை முழு ரத்தமாக நினைத்துவிடக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அன்று முதுகுத்தண்டு அறுவை. முன்பு பலமுறை ரத்தம் ஏற்றியதில் நோயாளியின் உடலில் பிறர் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகியிருந்தன. ரத்த வங்கி தேடிப் பிடித்த பொருத்தமான ரத்தம் 2 யூனிட்தான். ஆகவே ஒவ்வொரு துளியும் எனக்குக் கணக்கு. ரத்தம் ஊறிய மாப் துணிகளைக்கூடச் சலைன் கிண்ணத்தில் அலசிப் பிழிந்து அந்த நீரையும் உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

முதல் இரண்டு கிண்ணங்கள் நன்றாக வந்தன. கழிவுக் குழாயில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் தெளிந்த நீர். மூன்றாவதில் சிவப்பு மாறவே இல்லை. சலைனைக் கூட்டிக் கழுவினேன். அப்போதும் தெளியவில்லை.

“சிஸ்டர், இப்ப காயத்துல ஊத்துனது எது?”

அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். டிஸ்டில்டு வாட்டர். சலைனுக்கும் அதற்கும் பாட்டில் ஒரே மாதிரி. வெறும் நீர் சிவப்பணுவுக்குள் புகுந்தால் அது ஊதி வெடித்துவிடும். சிதறும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

“எவ்வளவு இருக்கு?” என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார்.

“ரிசர்வாயர்லயும் சேர்த்து ஒரு லிட்டர் இருக்கும் சார். ஆனா இதைக் குடுக்க வேண்டாம்.”

அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. பாட்டில் எடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். காயத்தைக் கழுவத் தொடங்கும்போது “வேற சக்‌ஷன்” என்று, அதாவது கழிவுக்குப் போகும் வேறு உறிஞ்சு குழாய்க்கு மாற்றும்படி, குரல் கொடுக்க வேண்டியவன் நான். அந்த நேரம் தலைகுனிந்து குறிப்பேட்டில் அளவு எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது கத்தி வைப்பதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்: அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, வெறும் நீர், எலும்பு சிமெண்ட், இதில் எது வந்தாலும் சக்‌ஷனை மாற்றுங்கள். உறிஞ்சு குழாயின் நுனியை ரத்தத்துக்குள் முழுக அமிழ்த்துங்கள், மேலோட்டமாகக் காற்றோடு உறிஞ்சினால் அணுக்கள் உடையும். உறிஞ்சும் அழுத்தம் 150 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாமல் நானே பார்த்துக்கொள்கிறேன். குறிப்பேடு அப்புறம்.

அன்று வங்கியிலிருந்து ஒரு யூனிட் ஏற்றினோம். இயந்திரத்தில் புதுக் கிண்ணமும் குழாய்களும் கொண்ட செட் மாட்டினேன். தையல் போடும் நேரத்துக்குள் இன்னும் ஒரு கிண்ணம் நிறைந்தது. இந்த முறை கழிவுக் குழாய் தெளிந்தது. அதே அறையில், என் கண் முன்னால் நிறைந்த பைதான். இருந்தாலும் பெயர், எண், 4 மணி நேரக் கெடு எழுதி ஒட்டி, சிஸ்டரும் நானும் மாறி மாறி வாசித்துச் சரிபார்த்த பிறகே ஸ்டாண்டில் தொங்கவிட்டோம்.