மாடியில் ஒரு நீர்ப்பாசனத் திட்டம்

"அப்பா, நீங்க மேல வராதீங்க. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

மகள் ஏழாம் வகுப்பு. மொட்டை மாடியின் 4 தக்காளித் தொட்டிக்கும் தானாகத் தண்ணீர் போக வேண்டுமாம். மோட்டார் கிடையாது. பழைய பெயின்ட் வாளி, மீன்தொட்டி டியூப், அவ்வளவுதான்.

வாளி தரையில் இருந்தது. தண்ணீர் எப்படிப் போகும்? படியோரம் ஒளிந்து நின்ற எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. (நல்லவேளை, வாயில் காபி.)

அரை மணி நேரம் கழித்து, வாளி 2 செங்கல் மேல் ஏறியது. பிறகு 6. டியூப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, நுனியைக் கட்டைவிரலால் அடைத்துத் தொட்டிக்கு இறக்கினாள்.

அந்த விரலை எடுத்த நொடி அவள் முகம்!

உயரத்தில் இருக்கும் தண்ணீர் டியூப் வழியே விளிம்பைத் தாண்டித் தானாகக் கீழே இறங்கும் இந்த முறைக்குப் பெயர் சைஃபன். நாங்களெல்லாம் அதைப் படம் வரைந்து பாகம் குறித்த கூட்டம். ஒரு சொட்டுத் தண்ணீரை நகர்த்தியதில்லை.

மாடி முழுக்கச் சேறு. யார் கழுவுவது என்று பேச்சுவார்த்தை நடக்கிறது.