முன்மேடையில் நிற்பவர்

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் வண்டியின் வேகம் தணிந்து, அடியில் இரும்புப் பற்கள் ஒன்றையொன்று கவ்வும் ஓசை கேட்கத் தொடங்கியது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலில் இன்று காலை நான் பள்ளத்தாக்கைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது, பெட்டியின் முன்மேடையில் கொடியுடன் நின்றிருந்த பிரேக் ஊழியரைத்தான்.

ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால், முன்னே பாறை சரிந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. பெட்டிக்கு ஒருவராக நிற்கும் இவர்கள் காட்டும் கொடிதான் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறி எஞ்சின் வரை செல்கிறது. எந்தத் திருப்பத்திலும் அவர் பார்வை பாதையை விட்டு விலகவில்லை.

கல்லாறு முதல் குன்னூர் வரையிலான ஏற்றத்தில், மிகச் செங்குத்தான இடங்களில் ஏறக்குறைய பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயர வேண்டும். வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் எட்டிய இந்த 46 கிலோமீட்டர் பாதையில் 16 சுரங்கங்கள் உள்ளன. (குழந்தைகள் ஒவ்வொன்றிலும் கூவினார்கள்; கூவத்தான் வேண்டும்.)

2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பாலங்களையும் பழைய நிலையங்களையும் போற்றுகிற நாம், கைப்பிரேக்கை எந்த வளைவில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அறிந்த இந்தக் கைகளையும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். இந்த வண்டியில் ஏறுபவர்கள், குன்னூரில் இறங்கியதும் அவர்களிடம் ஒரு சொல் நன்றி கூறிவிட்டுச் செல்லுங்கள்.