கோச்சாஸில் கொள்ளியால் வரையும் குடுக்கைகள்

காய்ந்த சுரைக்குடுக்கையில் மின் சூட்டுக்கோலால் படம் வரைவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அதே வேலையை மின்சாரமே இல்லாமல் செய்கிற ஊர் பெருவில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்தே அங்கே போக ஆசை.

தலைநகர் லிமாவிலிருந்து வாங்காயோ என்ற மலை நகரத்துக்குச் சுமார் 300 கி.மீ. வழியில் டிக்லியோ கணவாய் 4,800 மீட்டர் உயரத்தில் வருகிறது. தலைவலி நிச்சயம், கோகா இலைத் தேநீர் குடித்துக்கொண்டே போகலாம். வாங்காயோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் கோச்சாஸ் கிராண்டே, கோச்சாஸ் சீக்கோ என்று இரண்டு கிராமங்கள். தலைமுறை தலைமுறையாகக் குடுக்கை செதுக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன.

ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர், பக்கத்தில் உட்காரச் சொன்னார். முதலில் செதுக்கல். மரப்பிடி போட்ட சிறிய எஃகு உளியை வலது கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, இடது கையால் குடுக்கையைத் திருப்பினார். உருண்டைப் பரப்பில் கோடு வழுக்காமல் விழுவதற்கு அதுதான் காரணம்.

அப்புறம்தான் நான் பார்க்க வந்த வேலை. கினுவால் என்பது ஆண்டிஸ் மலைகளில் மிக உயரத்தில் வளரும் மரம். அதன் குச்சி ஒன்றின் நுனியைக் கனலாக்கி, குடுக்கைத் தோலுக்கு அருகே கொண்டுபோய் ஊதுகிறார். மெல்ல ஊதினால் தேன் நிறம். கொஞ்சம் அழுத்தி ஊதினால் காப்பி நிறம். கனலை நெருக்கிப் பிடித்து விடாமல் ஊதினால் கறுப்பு. சாயம் ஒரு துளி கூடக் கிடையாது. லாமா என்ற ஆண்டிஸ் மலை விலங்கு ஒன்றின் வயிற்றுப் பக்கம் வெளிறி முதுகுப் பக்கம் கருத்து வந்ததை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். சூட்டுக்கோலில் வெப்பத்தைத் திருகி வைத்துவிட்டால் அது ஒரே சீராக இருக்கும். எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் அது நல்லது. நிழல் விழவைக்க, என்னைக் கேட்டால், இந்த மூச்சுக்கு ஈடு இல்லை.

இன்னொரு முறையும் உண்டு. இச்சு என்ற மலைப்புல்லை எரித்த சாம்பலைக் கொழுப்பில் குழைத்துச் செதுக்கிய இடங்களில் தேய்க்கிறார்கள். கறுப்பு உள்ளே இறங்கி நிற்கிறது. இது பெருவின் இன்னொரு மலைப்பகுதியான அயகுச்சோ பக்கத்துப் பாணி.

குடுக்கையைத் திருப்பத் திருப்பக் கதை ஓடுகிறது: உருளைக்கிழங்கு விதைப்பு, கல்யாண ஊர்வலம், ஜூலையில் வரும் சந்தியாகோ திருவிழாவில் மாடுகளுக்கு ரிப்பன் கட்டுவது. விரல் நகம் அளவு மனிதர்கள், ஆனாலும் தொப்பியும் பாவாடை மடிப்பும் தெளிவாகத் தெரியும். நுணுக்கமான வேலைக்கு மாதக்கணக்கில் ஆகுமாம். விலை பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

சுரை இந்தக் குளிரில் விளையாது. 3,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் இது; காய்கள் சூடான கீழ்ப்பகுதிகளிலிருந்து வருகின்றன. பெருவின் கடற்கரையோரத் தொல்லியல் மேடான உவாகா பிரியேட்டாவில் தொல்லியலாளர் ஜூனியஸ் பேர்ட் 1946இல் தொடங்கிய அகழாய்வில், முகம் பொறித்த சிறு குடுக்கைகள் கிடைத்தன. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தையவை. அந்த நாட்டில் மண்பானை வருவதற்கு முன்பே குடுக்கையில் படம் வந்துவிட்டது!

நம் ஊர்ச் சுரையும் இதே இனம்தான். வீட்டில் முயல நினைப்பவர்கள் காயைக் கொடியிலேயே முற்றவிடுங்கள். இளசாகப் பறித்தால் ஓடு மெலிந்து, சூடு பட்டதும் துளை விழும். காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் காயட்டும். மேலே பூஞ்சை பிடித்தால் பயப்பட வேண்டாம், வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் போய்விடும். உள்ளே சுரண்டும்போது மட்டும் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

வாங்காயோவில் ஞாயிற்றுக்கிழமை பெரிய சந்தை கூடுகிறது, குடுக்கைகள் அங்கேயும் கிடைக்கும். ஆனால் ஊதுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கோச்சாஸுக்கே போங்கள்.