அது வடக்குக்குத்தானே

"பிள்ளை, இதில எங்கட ஊர் இருக்கோ?"

2025 மார்ச் 28 காணிக் கெசட்டின், அதாவது அரச வர்த்தமானியின், கொப்பியை என் மேசையில் விரித்து அந்த ஐயா கேட்டார். திருகோணமலை மாவட்டத்துத் திரியாய்க்காரர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என நான்கு மாவட்டங்களிலும் சேர்த்து 5,940 ஏக்கரளவு. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றது கெசட். திருகோணமலை அதில் இல்லை.

"இல்லை ஐயா, இது வடக்குக்கு."

"அப்ப எங்களுக்கும் வருமோ?"

"அது என்னால சொல்ல ஏலாது."

அந்தப் பதிலில் இன்றுவரை எனக்குப் பிழை தெரியவில்லை. கெசட்டையும் சட்டமூலங்களையும் பார்த்துத் தமிழில் சுருக்கி அனுப்புவதுதான் என் வேலை, சாத்திரம் சொல்வதல்ல. சட்டமூலமென்றால் போகிற வழி தெரியும். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும், யாராவது உச்ச நீதிமன்றம் போவார்கள். சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் அரசியலமைப்பின் 80(3) கதவைச் சாத்திவிடும், பிறகு எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க ஏலாது. காணிக் கெசட் அப்படியில்லை, ஒரு வெள்ளிக்கிழமை வந்து கிடக்கும். நான் "வரலாம்" என்றால் பின்னேரத்துக்குள் வட்ஸ்அப்பில் அது "வந்திட்டுது" ஆகிவிடும்.

ஆனால் சம்பூர் இருக்கிற மாவட்டத்தில் நின்றுகொண்டு இதை யாருக்குச் சொல்வது? 2012இல் ஒரு கெசட் சம்பூரில் 818 ஏக்கரைத் தொழிற்சாலைகளுக்கென்று எடுத்தது. 2015இல் இன்னொரு கெசட் அதை விடுவித்தது. 2020இல் தொல்லியல் இடங்களுக்கான ஜனாதிபதி செயலணி கிழக்குக்கென்றே வந்தது. ஐயா கேட்டது வீண் பயத்தில் அல்ல. அதற்காக, அவர் கண்டதை வைத்து இனி வருவதை நான் எழுத முடியுமா?

ஐயா பையிலிருந்து தன் காணிப் பெர்மிட்டை எடுத்தார். மடிப்பில் ஒட்டிய செலோடேப் பழுத்து, காணியின் எல்லை எழுதிய வரியே மறைந்திருந்தது. பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று எடுத்து வைக்கச் சொன்னேன். "கேக்காததை ஏன் சொன்னனீர்?" என்று எங்கள் அலுவலக இணைப்பாளர் பிறகு கேட்டார். நியாயம்தான். அதையாவது சொல்லாவிட்டால் நான் எதற்கு அங்கே இருக்கிறேன் என்றும் பட்டது.

ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கெசட்டுக்கு இடைக்காலத் தடை போட்டதும் ஐயாவுக்குப் போன் எடுத்தேன்.

"அது வடக்குக்குத்தானே, பிள்ளை" என்றார்.

நக்கலா, நிம்மதியா, பிடிபடவில்லை. பிரதி எடுத்தாரா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால், ஏதோ வரப்போகுது என்றுதான் நினைப்பார். கேட்கவில்லை. இணைப்பாளர் அதைத்தான் சரி என்பார்.