கரண்ட் இருக்கும்போது எழுதியது

ஜூன் 2, 2024, ரங்கூன்

நாலு நாளாக, தடையைத் தாண்டி இணையத்துக்குப் போக உதவும் எந்த விபிஎன்னும் எடுக்கவில்லை. ஃபேஸ்புக்கை 2021 பிப்ரவரியிலேயே ராணுவத்தார் மூடிவிட்டார்கள். கொல்லைவாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தோம்; இப்போது அதற்கும் பூட்டு. தெருவில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிறார்களாம். இதை எப்படிப் பதிவேற்றுகிறேன் என்று யாரும் கேட்காதீர்கள்.

மெட்ராஸ் அத்தையின் காலை வணக்க ரோஜாப்பூ வரவில்லை. தினமும் திறந்துகூடப் பார்க்காமல் அழிப்பேன். இன்று பத்து தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 5

யூடியூப் மட்டும் திக்கித் திணறி வருகிறது. மகள் ஓடிவந்தாள். "அம்மா, மெட்ராஸ்ல பர்மா அத்தோன்னு ஒண்ணு விக்கிறாங்க. நாம ஏன் செஞ்சதே இல்ல?"

பார்த்தேன். பாரிமுனைப் பக்கம் ஒரு தள்ளுவண்டி. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர். எல்லாவற்றையும் கையாலேயே பிசைகிறார் கடைக்காரர். அடி பைத்தியமே, போன வெள்ளிக்கிழமை ரெண்டு தட்டு தின்றாயே காவ்ஸ்வே தோ, அதுதான் இது! பர்மியில் 'அதோ' என்றால் பிசைந்தது. அறுபதுகளில் இங்கிருந்து கப்பலேறிய நம் சனம் கொண்டுபோன பேர். அவர்களுக்காக 1969-ல் அங்கே பர்மா பஜாரும் வந்தது. அத்தையும் 1964-ல் போனவர்தான், பத்து வயதில்.

நம் வீட்டுச் சட்டியில் இருப்பது இவளுக்கு மெட்ராஸைச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் தெரிகிறது. சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 9

மழை. இவள் பேசுவது எல்லாம் 'செம்ம', 'வேற லெவல்'. வாத்தியாரைச் 'சயா' என்று சொல்லும் என் அம்மாவிடம், "பாட்டி, ஒங்க தமிழ்ல பாதி பர்மீஸ்" என்கிறாள். "ஒன் தமிழ்ல பாதி இங்கிலீசுடி" என்று அம்மா விடவில்லை.

நான் யார் பக்கம் பேச? 1965-ல் தனியார் பள்ளிகளை, தமிழ்ப் பள்ளிகளையும் சேர்த்து, அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் தலைமுறை தமிழ் பேசும், பர்மிய எழுத்துதான் படிக்கும். கோயிலில் கற்ற அ, ஆவன்னாவோடு நின்றிருந்தேன். 2014-ல் 1500 சாட்டுக்கு (சாட் எங்கள் நாட்டுப் பணம்) சிம் கிடைத்தது. அதற்கு முன் லட்சக்கணக்கில் விலை. அந்தப் போனில்தான் எழுத்துக்கூட்டி அத்தையின் செய்திகளைப் படித்தேன். 'ழ' எங்கே, 'ள' எங்கே என்று இன்றும் தடுமாற்றம்தான். இந்த நாட்குறிப்பே அந்த 1500 சாட்டின் கைங்கர்யம். ஆனால் இவளுக்கு 'சயா' வேண்டாத சொல்லாகிவிட்டதும் அதே கண்ணாடித் துண்டால்தான்.

ஜூன் 12

ஒரு விபிஎன் எடுத்தது! அத்தையிடமிருந்து 41 செய்தி. நல்லா இருக்கீங்களா என்று பாதி, ரோஜாப்பூ மீதி. மகள் தான் பிசைந்த காவ்ஸ்வே தோவைப் படம் எடுத்து அனுப்பினாள். உடனே வாய்ஸ் நோட்: "கடலமாவ வறுத்துப் போட்டியாடா கண்ணு? இங்க யாரு போடுறா... எங்கம்மா அடுப்புல நின்னு வறுக்கும், அந்த வாசன..."

மணி ஒன்று. கரண்ட் போய் வைஃபையும் போனது. அதற்கு மேல் ஓடவில்லை. மகள் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறாள்.