இனிஷியலோடு கோஸ்டாரிகாவுக்கு

சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் மீனவப் பையன்களிடம், பலகையேறி அலையில் சறுக்கும் சர்ஃபிங் கற்றுக்கொண்டதிலிருந்தே, அலை ஓயாத ஊர் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்து பார்க்க ஆசை. வேலை எப்படியும் அமெரிக்க நேரத்துக்குத்தான். சென்னையில் விடிய விடிய விழித்திருப்பதற்கு, அந்தப் பக்கமே போய்விட்டால் பகலில் வேலை, காலையில் கடல். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவின் பசிபிக் கரையிலுள்ள டமரிண்டோவைப் பிடித்தது இப்படித்தான். நமக்கு 11.30 மணி நேரம் பின்னால் இருக்கிற ஊர்.

வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கென்று 2021-இல் அந்த நாடு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. மாதம் 3,000 டாலர் வருமானம் காட்டினால் ஓராண்டு தங்கலாம், அப்புறம் இன்னோர் ஆண்டு நீட்டிக்கலாம். நம் கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். என் வருமானம் அந்தக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் தாண்டியது.

பணத்தில் தப்பித்தவன் பெயரில் மாட்டிக்கொண்டேன். ஸ்பானிஷ் வழக்கத்தில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. படிவத்திலும் இரண்டு கட்டம். நமக்கு ஒன்றுக்கே வழியில்லை. என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் அவர் வெறும் ஓர் எழுத்து. சம்பளச் சீட்டில் அந்த எழுத்தும் கிடையாது. இங்கே யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. அங்கே பார்க்கிறவருக்கு மூன்று காகிதம், மூன்று ஆள்.

நோட்டரியிடம் போய், மூன்று பெயரும் என்னுடையதே என்று ‘ஒன் அண்ட் சேம்’ அஃபிடவிட் போட்டேன். அதற்கு மாநில உள்துறையின் சான்று, அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான முத்திரை. பிறகு எல்லாவற்றையும் அந்த நாட்டு அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிஷில் பெயர்த்துத் தர வேண்டும். பெயர்ப்பு வந்தது. பார்த்தால், என் இனிஷியலைத் தனிப் பெயர் என்று எடுத்துக்கொண்டு புள்ளியை நீக்கியிருந்தார். பாவம், அவரைச் சொல்லி என்ன பயன்? “அந்த எழுத்து என் அப்பா” என்று மின்னஞ்சல் எழுதினேன். அதிலேயே மூன்று வாரம் போயிற்று. இரண்டாவது கட்டத்தைக் காலியாகவே விட்டேன். பாஸ்போர்ட்டில் இல்லாததை எங்கேயும் புதிதாகச் சேர்க்காதீர்கள்; பின்னால் அதற்கும் ஓர் அஃபிடவிட் கேட்பார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் தப்பு என்னுடையது. தங்கும் காலம் முழுமைக்கும், குறைந்தது 50,000 டாலருக்கு இருக்க வேண்டும். நான் அவசரத்தில் 180 நாளுக்கு எடுத்துவிட்டேன். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். முதலில் கட்டியது போனது போனதுதான்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழி என்றால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். பழைய அலுவலகப் பயணத்துக்காக எடுத்த அமெரிக்க பி1/பி2 (வணிக, சுற்றுலா) விசா இன்னும் உயிரோடு இருந்தது. அது இருக்கும் இந்தியர் கோஸ்டாரிகாவுக்குள் நுழையத் தனியாகத் தூதரக விசா வாங்க வேண்டியதில்லை. இல்லாதவர்கள் டெல்லியில் உள்ள தூதரகத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வெயில் காலம், வாடகையைத் தொட முடியாது. மழை தொடங்கியபின் இறங்கும். தெற்கிலிருந்து நல்ல அலை வருவதும் அப்போதுதான். அதனால் ஜூனுக்கு வீடு பேசினேன். முகவரி கேட்டதற்கு வீட்டுக்கார அம்மா அனுப்பியது: “சூப்பர்மார்க்கெட்டிலிருந்து 200 மீட்டர் வடக்கே, 50 மீட்டர் கிழக்கே, பச்சை கேட்.” கதவு எண் இல்லை. பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து என்று வழி சொல்லி வளர்ந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்! கூடவே ஓர் எச்சரிக்கை: முகத்துவாரத்தில் முதலை உண்டு, பலகையில் படுத்தபடி அக்கரைக்குப் போகாதே.

பலகை எடுத்துப்போகவில்லை. அங்கேயே பழையது வாங்கிக்கொள்ளலாம். மிக்ஸிக்குத்தான் வீட்டில் சண்டை. அம்மா புடவையில் சுற்றி, ஜாருக்குள் மிளகாய்த்தூள் பொட்டலம் வைத்து, பெட்டியில் இறக்கியேவிட்டார். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட் மிக்ஸி சும்மா முனகும் என்று சொல்லி வெளியே எடுத்தேன். குக்கர் மட்டும் தங்கியது.

“ஊர் பேருக்கு என்னடா அர்த்தம்?” என்றார்.

“புளி.”

பெட்டியின் ஓரத்தில் இருந்த அரைக் கிலோ புளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெருங்காய டப்பாவை வைத்தார்.